ஏழு வாரம் எங்கள் வீட்டில் இருந்த நாற்றம்

வீட்டுக்குள் ஏதோ நாறுகிறது என்று முதலில் சொன்னது என் தங்கைதான். விழுப்புரத்திலிருந்து காலை பஸ் பிடித்து வந்தவள், பையைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்டாள்: "அக்கா, எலி கிலி ஏதாவது செத்துக் கிடக்கா?"

எனக்கு அதற்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே லேசாக ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் காலையில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டால் கொஞ்ச நேரத்தில் அது மறந்துவிடும். போய்விட்டது என்று நினைத்துக்கொள்வேன். உண்மையில் அது எங்கும் போகவில்லை. ஒரே நாற்றத்தில் தொடர்ந்து இருந்தால் மூக்கு பழகிவிடும். வெளியிலிருந்து வருபவருக்குத்தான் அது முழுசாகத் தெரியும். அதனால் உங்கள் வீட்டில் சந்தேகம் இருந்தால், பால் வாங்கப் போய்விட்டுத் திரும்பி, கதவைத் திறக்கும் முதல் நொடியில் கவனியுங்கள்.

நாங்கள் இருந்தது சென்னை பெரம்பூரில், மூன்று மாடிக் கட்டடம். கீழே வண்டி நிறுத்தும் இடம், மேலே ஒவ்வொன்றும் தனித்தனி ஓனருடைய வீடுகள். எங்களுடையது இரண்டாவது மாடி. மாதம் 15,000 ரூபாய் வாடகை, 20 ரூபாய் முத்திரைத்தாளில் 11 மாத அக்ரிமெண்ட். ஓனர் ரிட்டயர் ஆனவர், கொளத்தூரில் இருக்கிறார். நாற்றம் தொடங்கியது 2022 செப்டம்பரில்.

முதலில் செய்ய வேண்டியதை நாங்கள் முதலில் செய்தோம், அதில் எனக்கு நிம்மதி உண்டு. கேஸ் சிலிண்டரைப் பார்த்தோம். சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக வாசனை கிடையாது, கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். அதுவும் அழுகிய முட்டைக்கோஸ் மாதிரிதான் நாறும். அதனால் வீட்டில் புதிதாக ஒரு நாற்றம் வந்தால் வேறு ஆராய்ச்சிக்கு முன்னால் ரெகுலேட்டரை மூடி, டியூபில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். கசிவு என்று சந்தேகம் வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள். அடுத்து ஸ்விட்ச்போர்டுகள். பிளக் சூடாகி பிளாஸ்டிக் உருகும்போது சில சமயம் மீன் கவிச்சி மாதிரி ஒரு வாடை வரும், அது தீப்பிடிப்பதற்கு முந்தைய நிலை. எங்களுக்கு இரண்டும் இல்லை.

அப்புறம் எலி. பரண், பீரோவுக்குப் பின்னால், வாஷிங் மெஷினுக்கு அடியில் எல்லாம் தேடினோம். செத்த எலியின் வாடை இரவு பகல் விடாமல் அடிக்கும், சில நாள் கூடி, அப்புறம் காய்ந்து குறையும். எங்களுடையது அப்படி இல்லை. வந்தது, போனது, மறுபடி வந்தது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டைக் கழுவினேன். சிங்க்குக்கு அடியில் இருக்கும் வளைந்த பைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். ஒன்றும் மாறவில்லை.

ஓனருக்குப் போன் செய்தேன். இங்கேதான் என் முதல் தவறு. "சார், வீட்ல ஒரு மாதிரி வாடை வருது" என்றேன்.

தமிழில் நாற்றத்துக்கு எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. மீன் கழுவிய பாத்திரத்தில் இருப்பது கவிச்சி. பழைய எண்ணெயில் வருவது சிக்கு வாடை. கெட்டுப்போன சாம்பாரில் ஊசல் வாடை. காயாத துணியில் ஈர வாடை. இத்தனை இருக்க, நான் 'ஒரு மாதிரி வாடை' என்றேன். கேட்பவர் தனக்கு வசதியான நாற்றத்தை அதில் பொருத்திக்கொள்ள அதுவே போதும்.

"மழைக்காலம் வருதில்லம்மா, ஈரத்துக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "நீங்க மீன், கருவாடு எல்லாம் சமைப்பீங்க இல்ல?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குவோம். அதை அவர் வீடு கொடுக்கும்போதே சொல்லித்தான் குடி வந்தோம். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை என்னமோ செய்துவிட்டது. சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு அது புரியும். வீடு பார்க்கப் போன இடத்தில் எல்லாம் என்ன சாப்பிடுவீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி, நம் அடுப்பங்கரையைப் பற்றி நமக்கே ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. நான் மூன்று வாரம் மீனே வாங்கவில்லை. பையன் கேட்டபோது மார்க்கெட்டில் நல்ல மீன் வரவில்லை என்று பொய் சொன்னேன். மூன்று வாரம் கழித்தும் நாற்றம் அதேபடி இருந்தது. அதைச் சொன்னபோது அவர், "முன்னாடி இருந்தவங்க அஞ்சு வருஷம் ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றார். நான் மீனை நிறுத்தியது அவருக்கு எதையும் நிரூபிக்கவில்லை. தயவுசெய்து யாரும் இப்படிச் செய்யாதீர்கள். உங்கள் சாப்பாட்டைப் பரிசோதனைக்கு வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

இதற்கு நடுவில், அக்டோபர் 8ஆம் தேதி எங்கள் செலவில் ஒரு பிளம்பரை வரவழைத்து இரண்டு பாத்ரூம், சமையலறை எல்லாவற்றிலும் அடைப்பு எடுக்கச் சொன்னேன். வயசானவர், பொறுமையாகப் பார்த்தார். "அடைப்பே இல்லம்மா, தண்ணி நல்லா போகுது" என்றார். பில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அந்தச் சின்னக் காகிதம் பின்னால் மிகவும் உதவியது. தமிழ்நாட்டில் வாடகைக்கு என்று 2017ஆம் ஆண்டில் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று அதன் அட்டவணையிலேயே பிரித்திருக்கிறார்கள். குழாய் வாஷர் மாற்றுவது, கழிவுநீர்த் துவாரத்தைச் சுத்தம் செய்வது போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. பைப் மாற்றுவது, கட்டடம் சார்ந்த பழுது எல்லாம் ஓனர் பொறுப்பு. அதாவது என் பங்கை நான் செய்துவிட்டேன், இனி மிச்சம் இருப்பது பைப்தான் என்று என்னால் சொல்ல முடிந்தது. ஓனர் செய்ய மறுத்தால் நாமே செய்துவிட்டு, எந்த ஒரு மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மிகாமல் கழித்துக்கொள்ளவும் அதில் இடம் உண்டு. ஆனால் எங்கள் அக்ரிமெண்ட் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்படாதது. பிரச்சினை பெரிதானால் அது எங்களுக்கு எதிராகத்தான் நிற்கும் என்று தெரிந்ததால், சட்டத்தைப் பேச்சில் எடுக்கவே இல்லை. மனதுக்குள் ஒரு பிடிமானமாக வைத்துக்கொண்டேன்.

ஓனர் ஒருமுறை வந்தார். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கும். வருகிறேன் என்று சொன்னது அக்டோபர் ஐந்தாம் தேதி சாயங்காலம், வாடகை வாங்கும் நாள். பெரியவர் வருகிறாரே என்று வீட்டைக் கூட்டிப் பெருக்கி, பாத்ரூமில் பினாயில் ஊற்றி, ஜன்னல்களைத் திறந்து வைத்து, விளக்கேற்றிச் சாம்பிராணியும் போட்டிருந்தேன். வந்தார், பாத்ரூம் வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லையேம்மா, நல்ல வாசனையாத்தானே இருக்கு" என்றார். எனக்கு வாயடைத்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அங்கே நாற்றம் இல்லை. நைட் ஷிஃப்ட் முடித்து ஒன்பது மணிக்கு வரும் என் வீட்டுக்காரர்கூட, "எனக்கு எதுவும் தெரியலையே" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாள் என் மூக்கையே நான் சந்தேகப்பட்டேன்.

அதே வேகத்தில் இன்னொரு ஆபத்தையும் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். ஒரு நாள் பாத்ரூமில் ஆசிட் ஊற்றிவிட்டு, போதவில்லை என்று ப்ளீச்சிங் பவுடரை எடுத்தேன். நல்லவேளையாக என் அம்மா அப்போது போனில் இருந்தார், சத்தம் போட்டு நிறுத்தினார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது நுரையீரலையே அரித்துவிடும்.

ஓனர், "எதுக்கும் அசோசியேஷன்ல கேளுங்க" என்றார். அசோசியேஷன் செயலாளர், "வாடகைக்கு இருக்கறவங்க கம்ப்ளைண்டை நாங்க எடுக்கறதில்லம்மா, ஓனரைப் பேசச் சொல்லுங்க" என்றார். இந்த இருவருக்கும் நடுவில் பத்து நாள் போயிற்று. கடைசியில் செயலாளர், ஆளை விட்டுக் கீழே கழிவுநீர் சேம்பருக்குள் இறக்கிப் பார்க்கச் சொல்லலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று கறாராகச் சொன்னேன். சாக்கடைக் காற்றில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருக்கும்போதுதான் அழுகிய முட்டை மாதிரி நாறும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அப்படித்தான் எத்தனையோ பேர் உள்ளே இறங்கிச் செத்திருக்கிறார்கள். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. என் வீட்டு நாற்றத்துக்காக ஓர் உயிரைப் பணயம் வைக்க முடியாது. அதற்குப் பதில் மெட்ரோ வாட்டர் எனப்படும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணுக்கு நானே புகார் சொன்னேன். இயந்திரம் வந்து தெருவில் அடைப்பு எடுத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையும் அதே நாற்றம். ஆனால் அதுவும் வீணில்லை. தெருவில் கோளாறு இல்லை, எங்கள் கட்டடத்துக்குள்தான் என்று தெரிந்துவிட்டது.

அதற்கு முன்பே நான் ஒரு காரியம் தொடங்கியிருந்தேன். பால் கணக்கு எழுதும் மாத நாட்காட்டியில், நாற்றம் வரும் நேரத்தைக் குறிக்க ஆரம்பித்தேன். "6.10 முதல் 8.30" என்று கட்டத்துக்குள் பென்சிலால் எழுதுவேன். இரண்டு வாரத்தில் ஒழுங்கு தெரிந்தது. வேலை நாளில் காலை ஆறு முதல் எட்டரை. ஞாயிறு என்றால் எட்டுக்கு மேல் பத்து வரை. இரவு ஒன்பதையொட்டிக் கொஞ்சம். எங்கள் வீட்டில் யாரும் குளிக்காத நேரத்திலும் வந்தது.

பிறகு தீபாவளி வந்தது. அந்த வருஷம் அக்டோபர் 24, திங்கட்கிழமை. எங்களுக்கு நேர் மேலே மூன்றாவது மாடியில் இருந்த குடும்பம் சனிக்கிழமையே ஊருக்குக் கிளம்பியது. சனி மதியத்திலிருந்து அவர்கள் புதன் இரவு திரும்பும் வரை எங்கள் வீட்டில் நாற்றமே இல்லை. நாட்காட்டியில் அந்தக் கட்டங்கள் காலியாக இருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. வியாழக்கிழமை காலை ஆறே காலுக்கு மறுபடி வந்தது. கூடவே பாத்ரூம் தரைத் துவாரத்தில் 'களக் களக்' என்று ஒரு சத்தம். இத்தனை நாளும் அந்தச் சத்தம் இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

அடைப்பு எடுத்த பிளம்பருக்கே போன் செய்து இதைச் சொன்னேன். "மேல காத்து போற பைப்போட வாய் மூடியிருக்கும்மா, மொட்டைமாடியில பாருங்க" என்றார் உடனே.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். பாத்ரூம் தரைத் துவாரத்தில் சல்லடை மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு கிண்ணம் போல இருக்கும், பிளம்பர்கள் நஹானி டிராப் என்பார்கள். அதில் எப்போதும் சுமார் இரண்டு அங்குலம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர் மட்டும்தான். மேல் வீட்டில் ஃபிளஷ் செய்தால் தண்ணீர் பெரிய பைப்பில் மொத்தமாக இறங்கும், தனக்குப் பின்னால் காற்றை உறிஞ்சிக்கொண்டே போகும். அந்தக் காற்று மொட்டைமாடியில் திறந்திருக்கும் பைப் வாய் வழியாகக் கிடைக்க வேண்டும். அங்கே மூடியிருந்தால், வழியில் இருக்கும் நம் கிண்ணத்துத் தண்ணீரை உறிஞ்சிவிடும். கிண்ணம் காலியானதும் சாக்கடைக் காற்றுக்கு நம் பாத்ரூம்தான் வாசல். நாம் குளித்தால் கிண்ணம் மறுபடி நிறையும், நாற்றம் நிற்கும். என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்த நேரம் எப்போதும் நான் குளித்து முடித்த பிறகுதான்.

மொட்டைமாடி பூட்டியிருந்தது, சாவி செயலாளரிடம். நான் போய்ப் பார்க்க வழியில்லை. நாற்றத்தை ஓனருக்கு அனுப்பவும் முடியாது. ஆனால் காற்றைக் காட்டலாம் என்று தோன்றியது. இரவில் தரையை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, தரைத் துவாரத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் கவரைத் தளர்வாக வைத்து, சுற்றிலும் பழுப்பு நிற பேக்கிங் டேப் ஒட்டினேன். இன்னொரு பாத்ரூமிலும் இதேபோல் செய்தேன். காலையில் போனோடு காத்திருந்தேன். மேலே ஃபிளஷ் சத்தம் கேட்டதும், வீட்டில் எல்லோரும் புழங்கும் பொது பாத்ரூமில் அந்தக் கவர் உள்ளே இழுத்துக்கொண்டு, அடுத்த நொடி வெளியே பந்துபோல் உப்பியது. மற்ற பாத்ரூமில் அசைவே இல்லை. நாற்பது நொடி வீடியோ. எந்தத் துவாரம், எந்த நேரம், யார் தண்ணீர் விட்டபோது என்று மூன்றுக்கும் அதிலேயே பதில் இருந்தது.

அதோடு இந்தச் செய்தியை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்:

"வணக்கம் சார். பொது பாத்ரூம் தரைத் துவாரத்திலிருந்து அழுகிய முட்டை போன்ற சாக்கடை நாற்றம் செப்டம்பர் 17 முதல் வருகிறது. பெரும்பாலும் காலை 6 முதல் 8.30 வரை. மாடி வீட்டில் ஆள் இல்லாத நாட்களில், அக்டோபர் 22 மதியம் முதல் 26 வரை, வரவில்லை. அடைப்பு எடுக்கும் வேலையை நாங்கள் 8ஆம் தேதி செய்துவிட்டோம், பில் அனுப்பியிருக்கிறேன். மொட்டைமாடியில் காற்று போகும் பைப்பைப் பிளம்பரை வைத்துப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை காலை 6.30 மணிக்கு நீங்கள் நேரில் வர முடியுமா?"

இதில் நான் கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. என்ன வேலை, எங்கே, எப்போது என்று மட்டும் கேட்டேன். வீடு நாறுகிறது என்று சொன்னபோது அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை, அதனால் மறுத்தார். பைப்பைப் பாருங்கள் என்றதும் ஒரு வேலை இருந்தது. பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "வரேன்மா."

நவம்பர் 5, சனிக்கிழமை. முந்தின இரவே ஜன்னல்களை மூடிவிட்டேன். பினாயில் இல்லை, ஊதுபத்தி இல்லை, யாரும் குளிக்கவும் இல்லை. ஆறரைக்கு வந்தார். பாத்ரூம் கதவைத் திறந்ததும் தோளில் இருந்த துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே நின்றார். "இதுலயாம்மா குழந்தைய வெச்சிட்டு இருந்தீங்க?" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அங்கே நின்றபடியே செயலாளருக்குப் போன் போட்டார். என்னிடம் பேசிய செயலாளருக்கும் ஓனரிடம் பேசிய செயலாளருக்கும் எவ்வளவு வித்தியாசம்! பதினைந்து நிமிடத்தில் மொட்டைமாடி திறந்தது.

செப்டம்பர் இரண்டாம் வாரம், மழைக்கு முன்னால் மொட்டைமாடியில் ஒழுகாமல் இருக்க பூச்சு வேலை செய்திருந்தார்கள். அப்போது கைக்கு இடைஞ்சலாக இருந்த பைப்பை அடியோடு அறுத்து, மூடி போட்டு, அதன் மேலேயே பூச்சும் அடித்திருந்தார்கள். பிளம்பர் அதை வெட்டியெடுத்து, புதுத் துண்டு பைப் ஒட்டி, தலைக்கு மேல் உயரத்துக்குக் கொண்டுபோய், வலைபோட்ட தொப்பி ஒன்றை மாட்டினார். ஒன்றரை மணி நேர வேலை, ஆயிரம் ரூபாய்க்குள் செலவு. அன்று இரவே 'களக்' சத்தம் நின்றுவிட்டது.

வேலை நடக்கும்போது முதல் மாடி அம்மா மேலே வந்து பார்த்தார். அவரும் வாடகைக்குத்தான் இருந்தார். "எங்க வீட்லயும் அதே நாத்தம்தான், நான் என்னமோ நம்ம பாத்ரூம்தான் சரியா கழுவலையோன்னு தினம் ரெண்டு வேளை கழுவிட்டு இருந்தேன்" என்றார். இரண்டு மாதம் ஒரே பைப்பின் நாற்றத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம், ஒருவரை ஒருவர் கேட்கக் கூச்சப்பட்டு. முதல் வாரமே அவர் கதவைத் தட்டியிருந்தால் இத்தனை நாள் ஆகியிருக்காது. நாற்றம் வந்தால் மேல் வீடு, கீழ் வீடு இரண்டையும் கேட்டுவிடுங்கள். உங்கள் கட்டடத்தில் சமீபத்தில் என்ன வேலை நடந்தது என்பதையும் கேளுங்கள். பெயின்ட், பூச்சு, டைல்ஸ், மேல் வீட்டில் புது வாஷிங் மெஷின், எதுவாகவும் இருக்கலாம்.

அக்ரிமெண்ட்டைப் புதுப்பித்தபோது ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். தண்ணீர், கழிவுநீர் பைப் சம்பந்தமான புகாரை எழுதிக் கொடுத்தால் ஏழு நாளுக்குள் ஓனர் வந்து பார்க்க வேண்டும் என்று. அவர் மறுக்காமல் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்த முறை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்தோம்.

இப்போது ஊருக்குப் போனால் வீட்டைப் பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு தரைத் துவாரத்திலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, அதன் மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டுவிட்டுப் போகிறேன். எண்ணெய் மிதப்பதால் கிண்ணத்துத் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. அந்தப் பிளம்பர் சொல்லிக் கொடுத்தது.